மெத்தைகள் இல்லாத அறை

மன்னி,

இன்று காலை மெத்தைக்காரர் வந்தார். புது இலவம்பஞ்சு மெத்தையைத் தலையில் சுமந்து படூர் ஃபிளாட்டின் மாடிப்படி ஏறி, வாசலில் இறக்கினார். வெயிலில் காய்ந்த பஞ்சு, கஞ்சி போகாத துணி. அந்த வாசனை என்னைத் தாண்டி வீட்டுக்குள் போய்விட்டது. "இன்னாம்மா, எந்த ரூம்ல போடறது?" என்று அவர் கேட்டுக்கொண்டு நிற்கிறார். நான் திருக்கழுக்குன்றத்து வீட்டில் நிற்கிறேன்.

அந்த வீட்டைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொல்வேன், திட்டுவதற்கு ஒரு சாக்கு வேண்டாமா. அப்பாவுக்குக் கோயிலில் பூஜை. அண்ணாவுக்குக் கல்பாக்கத்தில் வேலை. அம்மாவுக்கு மடி, ஆசாரம். அண்ணாவைக் கல்யாணம் பண்ணிக்கொண்டு நீ வந்தபோது உன்னோடு ஒரு கம்ப்யூட்டரும் வந்தது. அதை எங்கே வைப்பதென்று யாருக்கும் தெரியாமல், கடைசியில் கொல்லைப்பக்கத்து மெத்தை அறைக்குப் போயிற்று. ஜன்னல் இல்லாத அறை. விருந்தாளிகள் வந்தால் விரிக்கிற மெத்தைகள், தலையணைகள், கொலுப்பெட்டிகள், அவற்றோடு நீ. நமக்குள் வயது வித்தியாசம் அதிகமில்லை. கூப்பிடுவது மன்னி என்றாலும் பேச்சு 'நீ'தான்.

அந்தக் கம்ப்யூட்டரில் நீ பாட்டு செய்தாய். வாத்தியம் ஒன்றும் கிடையாது. திரையில் கட்டம் கட்டமாக நிரப்பினால் அடியும் தாளமும் சுருதியும் எழுந்து வரும். அம்மா அதற்கு 'டொப்பு' என்று பெயர் வைத்தாள். "டொப்பு ஆயிடுத்துன்னா சாதம் வடிக்க வரலாம்" என்பாள்.

"ஹெட்ஃபோன்ல எல்லாமே அழகாத்தான் கேக்கும்டி. எனக்கு முகஸ்துதி பண்ணாத ஸ்பீக்கர் வேணும்" என்றாய் ஒருநாள். ஸ்டூடியோ மானிட்டர் என்றால் அதுதான் என்று எனக்கு விளக்கினாய். சாதாரண ஸ்பீக்கர் பாட்டுக்குப் பவுடர் பூசிக் காட்டும். இது அழுமூஞ்சியை அழுமூஞ்சியாகவே காட்டும். நீ ட்யூஷன் எடுத்துச் சேர்த்ததில் அடங்குகிற மாதிரி ஒன்று வாங்கக் கிளம்பினோம். வீட்டில் சொன்னது எனக்கு ரவிக்கைத் துணி எடுக்க என்று. செங்கல்பட்டில் ரயில் ஏறி உட்கார்ந்ததும் நீ தலையை வெளியே நீட்டாத குறையாக ஜன்னலை ஒட்டிக்கொண்டாய்.

மெட்ராஸ் கடையில், கடைக்காரர் சினிமாப் பாட்டு ஒன்றைப் போட்டு, பெரிய ஜோடியைக் காட்டினார். கண்ணாடி அலமாரி நடுங்கியது. "பெருசா எடுத்துக்கோம்மா. பேஸு சும்மா அள்ளிக்கினு போவும்." நீ பையிலிருந்து உன் சிடியை எடுத்து நீட்டினாய். அதில் பாட்டே இல்லை. நம் வீட்டு கிரைண்டர், குக்கர் விசில், அப்பாவின் கனைப்பு, அம்மா என்னைத் திட்டுவது, இவ்வளவுதான்.

"இன்னாம்மா இது, ஒரே பேஜாரா கீது" என்றார் அவர்.

"எனக்கு நன்னாத் தெரிஞ்ச சத்தம் இதுதான்" என்றாய்.

அந்தப் பெரியது, பக்கத்திலிருந்த சின்னது, இரண்டு ஜோடியையும் ஒரே அளவு சத்தத்தில் வைக்கச் சொன்னாய். சத்தத்தைக் கூட்டினால் எந்த டப்பாவும் நல்லதாகத்தான் கேட்கும் என்பது உன் கட்சி. பெரியதில் கிரைண்டர் லாரி மாதிரி உறுமியது. சின்னதில் அது நம் கிரைண்டர், உளுந்து வழிக்க அம்மா என்னைத்தான் கூப்பிடப் போகிறாள் என்று திரும்பிப் பார்த்தேன். சின்ன அறை, சுவரை ஒட்டித்தான் வைக்க முடியும், அதற்குக் காற்று போகும் துளை முன்பக்கம் உள்ள இதுதான் சரி என்று முடிவு செய்தாய். வீட்டுக்கு வந்து மெத்தை அடுக்குகளுக்கு நடுவே வைத்துப் போட்டுப் பார்த்தோம். துளி எதிரொலி இல்லை. "பெரிய ஸ்டூடியோல சுவர் பூரா பஞ்சு வச்சுப் பண்றதை நம்மாத்து மெத்தை சும்மாவே பண்றதுடி" என்று சிரித்தாய். அந்த வீட்டில் நீ அப்படிச் சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை.

பிறகு, மெட்ராஸில் விளம்பரங்களுக்கு இசை செய்கிற ஒரு ஸ்டூடியோவுக்கு நீ எழுதிக் கேட்டிருந்ததற்குப் பதில் வந்தது. ஒரு துண்டு செய்து எடுத்து வாருங்கள், பிடித்திருந்தால் தினம் வேலைக்கு வரலாம். அண்ணாவும் சரி என்றுவிட்டான். தினமும் ரயில், தினமும் ஜன்னல். சீசன் டிக்கெட் எப்படி எடுப்பது என்று அப்போதே விசாரித்து வைத்தாய்.

ஆனால் உட்கார்ந்து செய்ய உனக்குப் பொழுது ஏது? மாதத்தில் அந்த மூன்று நாள்தான். தூரமானால் அடுப்படிக்கு வரக்கூடாது, கொல்லையறையை விட்டு நகரக்கூடாது. அதைப் போய் ஓய்வு என்பார்கள், எரிச்சலாக வரும். உனக்கு மட்டும் சிறைக்குள் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. கம்ப்யூட்டருக்குத் தீட்டு உண்டா என்று அம்மா வெகுநேரம் யோசித்து, இல்லை என்று தீர்ப்புச் சொல்லியிருந்தாள். பஞ்சுக்கு உண்டு. அதனால் நீ உள்ளே போகுமுன் மெத்தை, தலையணை எல்லாம் கூடத்துக்குப் போய்விடும். உனக்கு ஒரு பாய்.

மெத்தைகள் போன அறை வெறும் சிமெண்டுப் பெட்டி. பேஸ் என்கிற அடிச்சத்தம் மூலைக்கு மூலை முட்டிப் பெருத்துக் கேட்கும். அதைப் பாட்டின் குற்றம் என்று நினைத்து நீ குறைத்தாய். இன்னும் குறைத்தாய். நாலாம் நாள் தலைக்கு ஸ்நானம் செய்ததும் நேரே அடுப்படி. மெத்தைகள் திரும்பி வந்த அறையில் உட்கார்ந்து ஒருமுறை கேட்க யார் விட்டார்கள்? சிடியை எடுத்துக்கொண்டு அப்படியே ரயில் ஏறினோம்.

ஸ்டூடியோக்காரர் நல்ல மனிதர். முழுக்கக் கேட்டார். "தாளமெல்லாம் பிரமாதங்க. ஆனா அடியில ஒண்ணுமே இல்லையே" என்றார். திரும்பும்போது ஜன்னலோர இடம் கிடைத்தும் நீ உட்காரவில்லை.

மறுநாள் பகலில் அறையிலிருந்து என்னைக் கூப்பிட்டாய். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, சோகை பிடித்தாற்போல. நீ மெத்தை அடுக்கின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாய். "இது இங்க இல்லைடி அப்போ" என்றாய். வெறும் அறையில் பெருத்துக் கேட்டதை நம்பி அளவுக்கு மேல் குறைத்திருக்கிறாய் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. "அந்த மனுஷன்கிட்டப் போய் என்னன்னு சொல்றது? ஏன் மெத்தையை எடுத்தேள்னு கேட்டா?"

அடுத்த மாதம் மெத்தைகள் இருக்கட்டுமே என்று அம்மாவிடம் கேட்டாய். "விருந்தாளி படுக்கிற மெத்தை. உன் டொப்புக்காக ஆசாரத்தை விடச் சொல்றியா?" என்றாள். அண்ணா பேப்பரை மடித்துக்கொண்டு எழுந்து போனான். மெத்தைகள் கூடத்துக்குப் போயின. அதற்குள் ஸ்டூடியோவுக்கும் வேறு ஆள் கிடைத்துவிட்டது. நீ திரும்பக் கம்ப்யூட்டரைத் தொடவில்லை. ஸ்பீக்கரின் மேல் ஒரு டவலைப் போர்த்தி வைத்தாய். இரண்டு மழைக்காலம் கழித்து வந்த காய்ச்சல் உன்னைக் கொண்டுபோயிற்று.

ஸ்பீக்கர்களை அண்ணா எனக்குக் கொடுத்துவிட்டான். இந்த ஃபிளாட்டுக்கு வந்ததும், சாமான் ஒன்றும் வைக்காத சின்ன அறையில் அவற்றை வைத்து உன் சிடியைப் போட்டேன். மன்னி, அடிச்சத்தம் வந்தது. நிறைந்து, குறைவில்லாமல், நெஞ்சில் தட்டுகிற மாதிரி. வெறும் சுவர்களுக்கு நடுவே நீ கேட்டது இதைத்தான். உன் காது தப்பவே இல்லை. தரையில் உட்கார்ந்து அழுதேன்.

என் வீட்டில் எந்த நாளிலும் மெத்தை இடம் மாறுவதில்லை. நான் எந்த நாளிலும் அதில்தான் படுக்கிறேன். அம்மா வந்தால் பார்த்துவிட்டுத் தனக்கு ஒரு பாயை விரித்துக்கொள்கிறாள்.

மெத்தைக்காரர் மறுபடி கேட்டார். கூடத்தில் போடச் சொன்னேன். அவர் சின்ன அறையை எட்டிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இந்த ரூம் சும்மாதான கீது?" என்றார்.

"இல்லப்பா, அதுல ஆள் இருக்காங்க" என்றேன்.