முன் இடது சக்கரம்

ஜூன் 3, திங்கள்

பாடம் நடத்தப் பள்ளிக்குப் போக இன்றும் தாமதம். கொண்டுபோய் விடுகிறேன் என்று என் கணவர் ஹர்நரைன் சொல்லியிருந்தார். வண்டி மூச்சே விடவில்லை. டிக்கியில் இரண்டு பேட்டரி, இரண்டும் செத்துவிட்டன. பேட்டரி செத்தால் அந்த டிக்கி திறக்காதாம்! மேக்ஸி வேனில் இடித்துப் பிடித்துப் போனேன்.

வாங்கி மூன்று மாதம் ஆகிறது. பன்னிரண்டு சிலிண்டர், இரண்டே கதவு, உள்ளே வெண்ணெய் நிறத் தோல். பதினான்கு வயது. இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தது. அவர் வேலை பார்த்த எண்ணெய் ஆலையை மூடியபோது அவருக்குக் கொடுத்த தொகையில் பாதிக்கு மேல் அதற்குப் போயிற்று. "புதுசா இருந்தப்ப இது ஒரு வீட்டு விலை, சுமி. நமக்கு என்ன விலைக்குக் கெடச்சிருக்கு பாரு!"

விலைதான் இறங்கியிருக்கிறது. அதன் பசி இறங்கவில்லை.

ஜூன் 18, செவ்வாய்

மழை. முன் இருக்கைக்குக் கீழே கார்பெட் சொதசொதவென்று கிடக்கிறது. கண்ணாடிக்கு அடியில் தண்ணீர் வடியும் துளையை மாவிலை அடைத்துவிட்டது. வண்டிக்கு மூளை மாதிரி ஒரு பெட்டி, அதை அந்தக் கார்பெட்டுக்குக் கீழேதான் வைத்திருக்கிறார்கள். யார் அங்கே வைப்பார்கள்? நனைந்ததும் ஜன்னல் தானாக இறங்குகிறது, ஹாரன் தானாக அலறுகிறது.

அடுத்த வீட்டு அல்ஃபோன்ஸ், தீயணைப்பில் இருந்து ஓய்வு பெற்றவர், வேலிக்கு மேல் தலையை நீட்டினார். "ஹரி, இதுக்குப் பேய்தான் ஓட்டணும். பண்டிட்டைக் கூப்பிடவா, பாதிரியைக் கூப்பிடவா?"

ஹரி சிரித்தார். நான் ஹேர் டிரையரைப் பிடித்துக்கொண்டு முட்டி போட்டிருந்தேன்.

ஜூன் 27, வியாழன்

பத்து வயதுக்கு மேற்பட்ட வண்டிக்கு முழு இன்சூரன்ஸ் தர முடியாதாம். மூன்றாவது கம்பெனியும் இதையே சொல்லிவிட்டது.

ஜூலை 7, ஞாயிறு

மயாரோ கடற்கரை வரை போனோம். எழுதத்தான் வேண்டும்: அப்படியொரு ஓட்டம் நான் கண்டதில்லை. குண்டும் குழியுமான தெரு எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. இரண்டு பக்கமும் தென்னை ஓடுகிறது, உள்ளே ஒரு சத்தமும் இல்லை. அவர் ஒரு கையால் ஓட்டிக்கொண்டே சொன்னார்: "இருபத்தாறு வருஷம் மீட்டர் முள்ளைப் பார்த்தேன். ஒருத்தனும் என்னைத் திரும்பிப் பார்த்ததில்ல. இப்பப் பாக்குறானுங்க."

கல்யாணமான புதிதில் பார்த்த முகம்.

திரும்பும்போது ரியோ க்ளாரோவில் வெப்ப முள் ஏறியது. மூன்று மணி நேரம் தெருவோரம். இழுவை வண்டியில் வீடு வந்தோம்.

ஜூலை 15, திங்கள்

டெக்ஸ்டரின் பட்டறை. இந்தத் தீவில் இந்த மாதிரி வண்டியைத் தொடுகிறவர் அவர் ஒருவர்தான். அவர் மகளுக்கு நான் வகுப்பு எடுத்திருக்கிறேன். அதனால் என்னிடம் உண்மையைச் சொல்கிறார்.

"ஒழுகுற குழாய் முந்நூறு டாலர்தான், மிஸ். ஆனா அது எஞ்சினுக்குப் பின்னாடி இருக்கு. எஞ்சினை வெளிய எடுத்தாத்தான் கை போகும். அந்தக் கூலி இருபத்திரண்டாயிரம்."

"இதோட முடிஞ்சிருமா?"

அவர் துணியால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

வண்டி வீடு திரும்பிப் பத்து நாள். மூன்று நாளாகக் காலையில் பார்த்தால் முன் இடது பக்கம் தரையோடு தரையாகப் படுத்திருக்கிறது. ஸ்பிரிங் கிடையாது, காற்றுப் பைகளின் மேல்தான் நிற்கிறது. ஒரு பை கிழிந்திருக்கிறது. காற்றடிக்கும் கம்ப்ரெஸரும் இரவெல்லாம் ஓடி ஓடி எரிந்துவிட்டதாம். அவர் தானே வெளியிலிருந்து டயர் பம்ப்பை இணைத்துக் காற்று ஏற்றிப் பார்க்கிறார்.

பை ஒன்று பத்தொன்பதாயிரம்.

சாப்பாட்டு மேசையில் நான் சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன். "இன்னும் ஒரு காசு அந்தப் பட்டறைக்குப் போச்சுன்னா நான் என் அக்கா வீட்டுக்குப் போயிருவேன். இருபத்தாறு வருஷம் ஆலையில என்ன கிழிச்சீங்க? ஒரு காத்துப் பையை மாட்டத் தெரியாதா?"

அவர் தட்டை எடுத்துக் கழுவி வைத்துவிட்டு வெளியே போனார்.

ஆகஸ்ட் 17, சனி

காலை ஒன்பது இருக்கும். துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். வண்டியை முழு உயரத்துக்கு ஏற்றியிருந்தார். சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே கையை விட்டுக் காற்றுக் குழாயைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஜாக்கி போடவில்லை. தாங்கு கட்டையும் வைக்கவில்லை.

உஸ்ஸென்று ஒரு சத்தம். அவ்வளவுதான். அவர் கத்தவில்லை. "சுமி" என்று கூப்பிட்டார், உப்பு எடு என்று கேட்கிற குரலில்.

வலது கை உள்ளே இருந்தது. இரண்டு டன் எடை அதன் மேல்.

நான் தூக்கிப் பார்த்தேன். கையால்! யாராவது அதைக் கையால் தூக்குவார்களா? அல்ஃபோன்ஸ் வேலியைத் தாண்டி வந்தார், அறுபத்தேழு வயதில். அவருடைய ஜாக்கியை முட்டுக்கொடுத்து ஏற்ற எவ்வளவு நேரம் ஆயிற்று — தெரியவில்லை. "என்னையே பாரு ஹரி, கையைப் பாக்காத. என்னையே பாருடா" என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார்.

நான் கையைப் பார்த்தேன்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

மூன்று விரல் எடுத்துவிட்டார்கள். கட்டை விரலும் சுண்டு விரலும் இருக்கின்றன.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

பள்ளி விடுமுறையாக இருப்பது நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன். நல்லதாம்! என்ன பெண் நான்?

செப்டம்பர் 22, ஞாயிறு

இடது கையால் கையெழுத்துப் பழகுகிறார். என் வகுப்புப் பிள்ளைகளின் கோடு போட்ட நோட்டு. ஒரு வார்த்தை என்னைக் குற்றம் சொல்லவில்லை. திட்டினாலாவது பரவாயில்லை.

இன்று கேட்டேவிட்டேன். "நான் அன்னிக்கு அப்படிப் பேசாம இருந்திருந்தா?"

"கட்டை வைக்கணும்னு எனக்குத் தெரியும் சுமி. இருபத்தாறு வருஷமா அடுத்தவனுக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான்." நோட்டில் ஒரு வரியை எழுதி முடித்துவிட்டு, "ஆனா நீ பேசினதும் நெசந்தான்" என்றார்.

ஜன்னலுக்கு வெளியே அது ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடக்கிறது. அதைச் சுற்றிக்கொண்டு நடக்கிறேன்.

அக்டோபர் 27, ஞாயிறு

தீபாவளி. பன்னிரண்டு விளக்கு மட்டும் ஏற்றினேன்.

நவம்பர் 9, சனி

விற்றாயிற்று.

வந்தவர் ஷெல்டன், சகுவானஸில் பல் டாக்டர், முப்பது வயது இருக்கும். விளம்பரத்தைப் பார்த்து வந்தார். நேற்றே ஹரி இடது கையால் அந்தப் பையைப் பசை போட்டு ஒட்டியிருந்தார். காலையில் காற்று ஏற்றினார். நிமிர்ந்து நின்றது, புது மாப்பிள்ளை மாதிரி. ஒரு நாள் தாங்கும், அதிகம் போனால் இரண்டு நாள். அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஷெல்டன் தோலைத் தடவிப் பார்த்தார். முகம் மலர்ந்து போயிற்று. அந்த முகத்தை நான் பார்த்திருக்கிறேன்.

"சஸ்பென்ஷன் எப்படி அங்கிள்? இந்த வண்டியில அதுதான் வம்புன்னு சொல்றாங்களே?"

ஹரி வலது கையைப் பேன்ட் பையிலிருந்து எடுக்கவே இல்லை. "நிக்குது பாருங்க" என்றார்.

நான் பழரசம் கொண்டுவந்து கொடுத்தேன். அதை மட்டும்தான் செய்தேன். கொடுத்த விலையில் பாதிகூட இல்லை, ஆனாலும் கையின் அடுத்த ஆபரேஷனுக்குப் போதும். ஷெல்டன் கிளம்பும்போது ஓடிப்போய்க் கண்ணாடியைத் தட்டினேன்.

"தம்பி, என்ன ஆனாலும் நீங்க அந்தச் சக்கரத்துக்குள்ள கை விடாதீங்க."

"நான் ஏன் ஆன்ட்டி விடுறேன்? அதுக்கெல்லாம் எனக்கு ஒரு ஆள் இருக்கான்."

நவம்பர் 10, ஞாயிறு

ஒரு ஆள் இருக்கான். காலையிலிருந்து இதுவே மண்டைக்குள் ஓடுகிறது. அவனுக்கு எத்தனை விரல்?

பதினொரு மணிக்கு ஷெல்டனைக் கூப்பிட்டேன். ஹரி கூடத்திலேயே உட்கார்ந்திருந்தார். ஒளித்துப் பேசவில்லை.

"வண்டி எப்படி நிக்குது, தம்பி?"

"இடது பக்கம் லேசா இறங்கியிருக்கு ஆன்ட்டி. மத்தியானம் என் ஆள் வந்து பாப்பான்."

சொன்னேன். மாவிலையிலிருந்து தொடங்கி ஆகஸ்ட் பதினேழு வரைக்கும், ஒன்று விடாமல்.

"நேத்து அங்கிள் கை குலுக்கல" என்றார் கடைசியில். "திமிருன்னு நெனச்சேன், ஆன்ட்டி."

மூன்று மணிக்கு இழுவை வண்டியில் கொண்டுவந்து விடுகிறாராம். திருப்பிக் கொடுக்க வேண்டிய பணம் உறையோடு அப்படியே மேசை மேல் இருக்கிறது. ஆபரேஷனை எதை வைத்துச் செய்வது, தெரியாது.

ஹரி எழுந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

"கம்ப்ரெஸரும் எரிஞ்சுபோனதுதான்னு சொன்னியா?"

"சொன்னேன்."

தலையாட்டினார். இப்போது வெளியே, இழுவை வண்டி உள்ளே வரக் கேட்டைத் திறக்கப் பார்க்கிறார். கேட்டின் தாழ்ப்பாள் துருப்பிடித்தது, இரண்டு கை வேண்டும். நான் போய்ப் பிடிக்க வேண்டும்.