சர்க்கரை போடாத பீர்

ஓட்வார்,

கிறிஸ்மஸ் பீர் கொட்டில்ல ஆறிக்கிட்டிருக்கு. சர்க்கரையத் தேடாத, ஒளிச்சு வச்சிட்டேன். போன வருஷம் உன் அண்ணன் லெய்ஃப் ஒரு வாய் குடிச்சிட்டு, "ஏன்டா தம்பி, இது பீரா, கால் கழுவுன தண்ணியா?"ன்னு கேட்டது உனக்கு இன்னும் உறுத்துதுன்னு தெரியும். அதுக்குத்தான் இந்தத் தடவை அரை மூட்டை பார்லி மால்ட் கூடப் போட்டு, நாலு மணி நேரம் பாதியா சுண்டக் காய்ச்சியிருக்கேன். சர்க்கரை இல்லாமலே நல்லா ஏறும். லெய்ஃப் நம்ம வீட்டுத் தரையிலதான் படுப்பான், பாரு.

மூணு மணிக்குக் கை விட்டுப் பாரு. வெதுவெதுன்னு இருந்தா, ஜாடியில இருக்கற ஈஸ்ட்டக் கொட்டு. கொட்டும்போது கத்தணும், மறந்துடாத. கத்தாமப் போட்டா பீருக்கு வீரியம் வராதுன்னு உங்க ஊர்க்காரங்கதான சொல்றீங்க.

சர்க்கரைச் சண்டைக்கு அப்புறம் மூணு நாளா நீ வாயே திறக்கல. உன்னைக் கட்டிக்கிட்டு வடக்கேருந்து வந்தவளுக்கு இங்க பேச வேற யாரு இருக்கா? மூணு மணிக்கு நான் ஷிஃப்டுக்குப் போக ஃபெர்ரித் துறையில நிப்பேன். அங்க கேக்கற மாதிரி கத்து.

ஹெர்டிஸ்

மீன் சூப் அடுப்புல இருக்கு.

என்ன கத்தறதுன்னு தோணலன்னா, என்னைத் திட்டியே கத்து. பரவால்ல.