நீலப் பொத்தான்

ரெஜைனா
ஜனவரி 14, 2025

லெஸ் ஹீபர்ட்டுக்கு,

நலமா என்று கேட்பது முறை. கேட்டுவிட்டேன். நாம் பனித்தரையில் கல் தள்ளி ஆடிய எல்க் ஸ்லூ கர்லிங் கிளப் வெப்சைட்டில் ‘எங்களுக்கு எழுதுங்கள்’ என்று ஒரு பெட்டி இருக்கிறதே, அதில் மூன்று முறை எழுதினேன். எந்தப் பாழுங்கிணற்றில் போய் விழுந்ததோ. அதனால் தபால்தலை ஒட்டுகிறேன்.

ரெஜைனாவில் மகள் வீட்டில் உட்கார்ந்து உன் கைவண்ணத்தைப் பார்க்கிறேன். போன கோடையில் முடிந்த விருந்துக்கு முகப்பில் இன்னும் அழைத்துக்கொண்டிருக்கிறாய். மெனுவில் ‘மாதிரிப் பக்கம்’ என்று ஒன்று, ஏழு வருடமாக. படங்களில் நீ மட்டும் நேராக நிற்கிறாய், மற்ற எல்லாரும் படம் பக்கவாட்டில் திரும்பிப் படுத்திருக்கிறார்கள். ‘வரலாறு’ பக்கத்தில், ‘1998 இறுதி ஆட்டம்: ஹீபர்ட் அணிக்கு மாசற்ற வெற்றி’ என்று இருக்கிறது. மாசற்ற! கை கூசவில்லையா உனக்கு?

ஆர்வில் ஸ்டாட்னிக்

எல்க் ஸ்லூ
ஜனவரி 23

அன்புள்ள ஆர்விலுக்கு,

(‘அன்புள்ள’ பழக்கத்தில் வந்துவிட்டது, கண்டுகொள்ளாதே.)

ஊரைவிட்டுப் போனவனுக்கு ஊர் வெப்சைட்டில் என்ன அக்கறை? இதை யார் பார்த்துக்கொள்வது என்று கூட்டத்தில் கேட்டபோது எல்லாரும் அவரவர் காப்பியைப் பார்த்தார்கள். நான் கை தூக்கினேன். ‘மாசற்ற’ எனக்கு முன்னால் இருந்த செயலாளர் எழுதியது.

அவ்வளவு கெட்டிக்காரன் என்றால் நீயே செய். பாஸ்வேர்டு இந்தத் தாளின் பின்பக்கம். யார் எழுதியதையும் நீ திருத்தலாம், வெளியிடலாம், அழிக்கலாம். என் மனைவி டார்லீன், “அந்த ஆளுக்கா குடுக்குற? கிளப்பையே அழிச்சிட்டுப் போயிடுவாரு” என்றாள். கொடுத்துவிட்டேன்.

லெஸ்

ரெஜைனா
பிப்ரவரி 3

லெஸ்,

உள்ளே போனேன். எலிகூட இதைவிட ஒழுங்காகப் பொந்து வைத்திருக்கும். ஒரே கோப்பையின் படத்தைப் பதினேழு தடவை ஏற்றி வைத்திருக்கிறாய். மாதிரிப் பக்கத்தைக் குப்பையில் போட்டேன். படுத்திருந்தவர்களை எழுப்பி நிறுத்தினேன். 1998 வரியை மட்டும் தொடவில்லை.

உங்கள் அணியின் கடைசிக் கல் பனித்தரையில் ஓடிக்கொண்டிருந்தபோது, அதன் முன்னால் பனியைத் தேய்த்துக்கொண்டு போன உன் துடைப்பம் அதில் பட்டது. கல் போய் நிற்க வேண்டிய வளையத்துக்குப் பின்னால் நின்ற எனக்கு நன்றாகவே தெரிந்தது. பட்டால், பட்டவன் தானே கை தூக்கிச் சொல்ல வேண்டும், அந்தக் கல் செல்லாது. எதிராளி வாய் திறப்பது நம் ஆட்டத்தில் அழகில்லை. நான் திறக்கவில்லை. நீயும் திறக்கவில்லை. கோப்பையை வாங்கிக்கொண்டு பல்லைக் காட்டினாய். இருபத்தேழு வருடம் ஆகிறது.

ஆர்வில்

எல்க் ஸ்லூ
பிப்ரவரி 11

ஆர்வில்,

போதும். 2019 மார்ச்சில், என் நெஞ்சைத் திறந்து தைத்து வீட்டுக்கு அனுப்பியதும் முதல் வேலையாக உட்கார்ந்து எழுதினேன். ஒரு வாரம் எழுதினேன். துடைப்பம் பட்டது, மறைத்தேன், கோப்பை ஆர்விலுடையது என்று ஊர் பார்க்க வெப்சைட்டில் போட்டேன். பக்கத்தில் அது இருக்கும்போது ‘மாசற்ற’ தானே அசிங்கமாக நிற்கட்டும் என்றுதான் விட்டுவைத்தேன்.

மறுநாள் கிளப்புக்குப் போனேன். ஒருவரும் ஒரு சொல் கேட்கவில்லை. மன்னித்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். உன் கடிதம் வரும் என்று மாதக்கணக்கில் தபால்பெட்டியைத் திறந்து திறந்து பார்த்தேன். நீ படித்துவிட்டு வாயை மூடிக்கொண்டாய். அதற்காக உன்னை நான் எவ்வளவு கேவலமாக நினைத்தேன் தெரியுமா? கை கூச வேண்டியது உனக்கு.

லெஸ்

ரெஜைனா
பிப்ரவரி 19

லெஸ்,

உட்கார்ந்து படி. நீ எழுதியதைத் தேடினேன், வெப்சைட்டில் எங்கும் இல்லை. உள்ளே ‘வரைவுகள்’ பட்டியலில் கிடக்கிறது. தேதி 2019 மார்ச் 8. ‘சேமி’யைப் பதினொரு தடவை அழுத்தியிருக்கிறாய், மடையா. ‘வெளியிடு’வை ஒரு தடவைகூட அழுத்தவில்லை. உன் கணினியில் முன்னோட்டம் தெரிந்திருக்கும். அதைப் பார்த்துவிட்டு ஊரே பார்த்தது என்று நினைத்திருக்கிறாய். ஊர் உன்னை மன்னிக்கவில்லை லெஸ். ஊருக்குத் தெரியவே தெரியாது. எனக்கும் தெரியாது.

மூன்று முறை படித்தேன். ‘அவன் என்னைப் பார்த்தான், நான் தரையைப் பார்த்தேன்’ என்ற இடத்தில் கண்ணாடியைக் கழற்ற வேண்டியிருந்தது.

மகள் ஓல்கா எட்டிப் பார்த்தாள். “அதான் அதிகாரம் இருக்கே, ஒரு தட்டு தட்டினா முடிஞ்சுது. இதுக்குத்தானே இத்தனை வருஷம் புலம்புனீங்க?”

“நான் தட்டக் கூடாதும்மா. பட்டவன்தான் கை தூக்கணும்.”

பொத்தான் வலது மேல் மூலையில் இருக்கிறது. நீல நிறம். உனக்கே தெரியும் அளவுக்குப் பெரியது. வேண்டாம் என்றால் அழித்துவிடு. நான் யாரிடமும் சொல்ல மாட்டேன்.

ஆர்வில்

எல்க் ஸ்லூ
மார்ச் 3

ஆர்வில்,

மூன்று நாள் கணினிப் பக்கமே போகவில்லை. அந்தத் துணிச்சலை ஆறு வருடத்துக்கு முன்பே செலவழித்துவிட்டேன் என்று நினைத்திருந்தேன். பைசா குறையாமல் அப்படியே இருந்திருக்கிறது.

வியாழன் காலை, கிளப்பில் எல்லாரும் காப்பி குடிக்கும்போது, அங்கிருந்த கணினியில் அழுத்தினேன். பிறகு நானே சத்தமாகப் படித்துக் காட்டினேன். யாராவது ‘அட விடுப்பா’ என்பார்கள் என்று எதிர்பார்த்தேன். பனித்தரை போடுகிற வால்டர், “அப்ப அந்தக் கோப்பையில பீர ஊத்தி எங்களுக்கெல்லாம் குடுத்தியே, வெக்கமா இல்ல?” என்றான். டார்லீன் எழுந்து காருக்குப் போய்விட்டாள். வால்டர் இன்னும் என்னோடு பேசவில்லை.

‘மாசற்ற’வை எடுத்துவிட்டேன். கோப்பை தனியாக வருகிறது.

லெஸ்

ரெஜைனா
மார்ச் 17

லெஸ்,

கோப்பை வந்தது. ஒரு பக்கக் கைப்பிடி உடைந்திருக்கிறது. பார்சலையும் வெப்சைட் மாதிரியே கட்டியிருக்கிறாய்.

பதிவைப் பார்த்தேன். நீ சேர்த்த படம் படுத்துக்கிடக்கிறது. நிமிர்த்த எனக்கு ஒரு நிமிடம் ஆகாது. விட்டுவிட்டேன், உன் கைதான் என்று தெரியட்டும்.

அதன் கீழே, பாஸ்வேர்டு போடாமல், வெளியாளாகவே ஒரு கருத்து எழுதியிருக்கிறேன். அன்றைக்குத் தபால்பெட்டியில் நீ தேடிய கடிதம் அதுதான். ‘உங்கள் கருத்து ஒப்புதலுக்காகக் காத்திருக்கிறது’ என்கிறது. உள்ளே போய் நானே ஒப்புதல் கொடுத்துக்கொள்ளலாம். கொடுக்கவில்லை.

‘ஏற்றுக்கொள்’ என்று ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்து. தேடிப்போய் ‘சேமி’யை அழுத்திவைக்காதே, மடையா.

அன்புள்ள,
ஆர்வில்