பிரித்துவிட்ட இடுப்புத் தையல்

ஊசியில் நூல் கோத்துத் தரச் சொல்லி இனி என்னைக் கூப்பிடாத என் நைனாவுக்கு,

இன்று காலை அக்காவுக்கு எக்கோ, அந்த இதய ஸ்கேன், எடுத்தோம். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். அசதியாக இருக்கிறது. மெதுவாகச் சொல்கிறேன்.

உனக்கு என்ன ஆனது என்பதே நீ போன பிறகுதான் எனக்குப் புரிந்தது. இதயச் செயலிழப்பு என்று டாக்டர் சொன்னதும் அம்மா உன் இதயம் நின்றேவிட்டது போல அழுதாள். நீ கட்டிலில் உட்கார்ந்து டீ கேட்டுக்கொண்டிருந்தாய். நிற்கவில்லை, நைனா. களைத்துப்போயிருந்தது. உடம்புக்கு வேண்டிய ரத்தத்தைத் தள்ள அதற்குத் தெம்பில்லை. தள்ள முடியாததெல்லாம் பின்னால் தேங்கியது. நீர் காலில் இறங்கியது, வயிற்றில் சேர்ந்தது, கடைசியில் நுரையீரலுக்கும் வந்தது.

எல்லாவற்றுக்கும் நம்மிடம் ஒரு காரணம் இருந்தது. கால் வீங்கினால் நாளெல்லாம் தையல் மெஷின் மிதிக்கிற கால். படுத்தால் மூச்சு முட்டி, சுவரில் சாய்ந்து தூங்கினாய். மயிலாப்பூர் புழுக்கம் என்றோம். இருமலை வீசிங் என்று நினைத்து வாயில் அடிக்கிற பஃப் வாங்கினோம். வயிறு முன்னால் வந்ததற்கு நீயே காரணம் சொன்னாய்: "இன்னாத்துக்குப் பாக்கற? உங்கம்மா சோறு இப்பதான் ஒத்துக்கினு கீது."

உன் துணிகளைக் கொடுத்துவிடலாம் என்று எடுத்து வைத்தபோதுதான் பார்த்தேன். ஒவ்வொரு பேண்டிலும் பின்பக்கம் இடுப்புத் தையலைப் பிரித்து, கொஞ்சம் தள்ளி மறுபடி அடித்திருந்தாய். பழைய தையலின் ஊசித் துளைகள் வரிவரியாகத் தெரிந்தன. கடைசித் தையலுக்குப் பிறகு பிரிப்பதற்குத் துணியே மிச்சமில்லை. சட்டைகளில் நேர் எதிர். தோள் ஒடுக்கியிருந்தாய்.

வேறு யாராக இருந்தாலும் ஒரு நாள் பேண்ட் பட்டன் மாட்டாமல் போயிருக்கும். வீட்டில் யாராவது கேட்டிருப்பார்கள். உனக்கு மட்டும் எல்லா உடுப்பும் எப்போதும் அளவாக இருந்தது. மறைக்க நினைத்துச் செய்ததில்லை என்று எனக்குத் தெரியும். இறுகினால் பிரிப்பாய், தொளதொளத்தால் பிடிப்பாய். ஊர் உடம்புக்கெல்லாம் செய்ததை உன் உடம்புக்கும் செய்தாய். கையும் தோளும் மெலிந்துகொண்டே வர வயிறு மட்டும் ஏன் பெருக்கிறது என்று உன் டேப் ஒருமுறையாவது உன்னைக் கேட்டதா?

கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் போனபோது பெரிய டாக்டர் கருவி எதையும் தொடும் முன்னால் உன் கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்தினார். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது. உன்னைச் சாய்த்துப் படுக்கவைத்துக் கழுத்து நரம்பைப் பார்த்தார். முதுகில் ஸ்டெத் வைத்துக் கேட்டார். அப்புறம் ஈசிஜி, மார்பு எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை. இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் எவ்வளவு ரத்தத்தை வெளியே தள்ளுகிறது என்று பார்க்கக் கடைசியாக எக்கோ. நெஞ்சில் பசை தடவி, அந்தச் சாம்பல் நிறத் திரையைக் காட்டினார்கள். "மழையில கேபிள் போன டிவி மாதிரி கீதும்மா," என்றாய். எக்கோ எடுத்த பெண் சிரித்துவிட்டாள்.

அன்றே டாக்டர் இன்னொன்றும் சொன்னார். உனக்கு வந்திருப்பது இதயத் தசையே பலவீனமாகிற வகை. சில குடும்பங்களில் அது பிள்ளைகளுக்கும் வரலாம். உங்கள் இரண்டு பெண்களும் ஒருமுறை எக்கோ எடுத்துக்கொள்ளட்டும் என்றார். தலையாட்டினோம். பிறகு நீ போய்விட்டாய். அந்தப் பேச்சும் போய்விட்டது.

அக்காவுக்குத் தை மாதம் கல்யாணம், நைனா. மாப்பிள்ளைக்கு நங்கநல்லூர். லிஃப்ட் மெக்கானிக். அதிகம் பேசாதவர். முகூர்த்தப் புடவை எடுக்க தி.நகர் போனோம். கடையில் லிஃப்டுக்குக் கூட்டம் நிற்க, படியேறினோம். பாதி வழியில் அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டாள். உதடு வெளுத்திருந்தது. புடவைக் கடைப் படியில் யாருக்குத்தான் மூச்சு வாங்காது என்றாள் அம்மா. ஆனால் அம்மாவின் முகம் அப்படிச் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும் எக்கோ எடுத்துவிடலாம் என்றேன். அம்மா கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"தாலி ஏறட்டும். அப்புறம் எந்த டெஸ்ட் வேணா எடுத்துக்குங்க. உங்க நைனா எதுல போனாருன்னு மாப்பிள்ளை வீட்டுல கேட்டாங்க. திடீர்னு போய்ட்டாருன்னு சொல்லிட்டேன். இப்ப போய் நெஞ்சுக்கு டெஸ்ட்டுன்னா?"

அவளை நான் திட்டவில்லை. நீ இல்லாமல் ஒரு சம்பந்தத்தை முடிப்பது எவ்வளவு நடை, எவ்வளவு குழைவு என்று பக்கத்திலிருந்து பார்த்தவள் நான். நாட்கள் ஓடின. நந்தனத்தில் வகுப்பெடுத்துவிட்டு வருவேன், அக்காவின் மூச்சைக் கேட்டுக்கொண்டே சாப்பிடுவேன்.

இன்று காலை அவளே தலை வாரிக்கொண்டு வந்து நின்றாள். பிளவுஸ் வாங்கப் போவதாக அம்மாவிடம் சொல்லச் சொன்னாள். தெருமுனை வந்ததும் கேட்டேன், மாப்பிள்ளைக்குத் தெரிந்தால் என்ன செய்வாய் என்று.

"நேத்தே சொல்லிட்டேன்டி. நைனா எதுல போச்சுன்னும் சொல்லிட்டேன். அம்மா சொன்ன பொய்யோட நான் குடும்பம் நடத்த முடியாது."

அடையாறில் உன்னைக் காட்டிய அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் அவர் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தார், ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி.

அக்காவின் இதயம் தள்ள வேண்டியதைவிடக் கொஞ்சம் குறைவாகத் தள்ளுகிறது. கொஞ்சம்தான். கால் வீக்கம் இல்லை, நுரையீரலில் நீர் இல்லை. ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டீர்கள் என்றார் டாக்டர். மாத்திரை தொடர்ந்து போட வேண்டும், உப்பைக் குறைக்க வேண்டும், தினமும் எடை பார்க்க வேண்டும். நீர் சேர்ந்தால் எடைதான் முதலில் சொல்லுமாம். கல்யாணத்துக்குத் தடையில்லை. பிள்ளைப்பேறு இதயத்துக்குச் சுமை என்பதால், குழந்தை பெற நினைக்கும் முன்னால் மட்டும் கட்டாயம் வந்து கேட்க வேண்டும்.

அதையும் அக்கா ஒளிக்கவில்லை. வெளியே பிளாட்பாரத்தில் வைத்து அவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள், அந்தக் குழந்தை விஷயம் வரைக்கும். அவர் கேட்டுக்கொண்டார். வீட்டில் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்றார். வண்டியை எடுத்தார்.

சாயங்காலம் ஆகிவிட்டது. இன்னும் போன் வரவில்லை. வருமா, நைனா?

அம்மாவிடம் சொல்லிவிட்டோம். கத்துவாள் என்று நினைத்தோம். மாத்திரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். உனக்குக் கொடுத்த அதே மாத்திரையா என்று கேட்டாள். அதில் ஒன்று என்றேன். எழுந்துபோய் ரசம் வைத்தாள். மூன்று பேருக்கும் உப்புக் குறைத்து.

நான் இன்னும் எக்கோ எடுக்கவில்லை. டாக்டர் கேட்டார், அப்புறம் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஆட்டோவில் வரும்போது அக்கா என் தோளில் இடித்தாள். "உனக்குத்தான் எந்த மாப்பிள்ளையும் வரலையே. உனக்கு இன்னாடி பயம்?"

சிரித்தேன். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை எக்கோ எடுக்கப் போகிறேன், நைனா. பிளவுஸ் வாங்க என்று சொல்லிவிட்டு இல்லை. அம்மாவையும் கூட்டிக்கொண்டு. திரையில் என்ன தெரிந்தாலும் அவள் அதை என் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும்.

மூச்சு வாங்காமல் எழுதி முடித்த,
உன் சின்னப் பொண்ணு