பதினெட்டுப் பாகையில் ஒரு வாளி

ஜூன் 1, 2024, சனி

இவர் ட்ரெய்லரில் பழைய பெட்டி ஃப்றீசர் ஒன்றை ஏற்றிக்கொண்டு வந்தார். ஆட்டிறைச்சி போடத்தான் என்று நினைத்துச் சந்தோசப்பட்டேன். பியர் செய்யவாம்.

"டென்மார்க்கில, ஹொல்ஸ்டெப்ரோவில வந்திருந்து கசிப்புச் சாராயம் காய்ச்சப்போறியளோ?" என்று கேட்டேன். சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்பா குடித்துவிட்டு வந்த நாள்களில் கதவுக்குப் பின்னால் நின்றவள் நான். இவருக்கு அது தெரியும்.

ஜூன் 9, ஞாயிறு

தேவாலயத்தில் பூசை முடிந்து வந்ததிலிருந்து குசினி முழுக்க முளைகட்டிய பார்லி மால்ட் வாசம். காய்ச்சி ஆறவைத்த சாறு இருபது லீற்றர். வாளியில் ஊற்றி, ஈஸ்ட் தூவி, மூடி, கராஜில் ஃப்றீசருக்குள் இறக்கிவிட்டார். ஈஸ்ட் வேலை செய்யும்போது சூடு ஏறுமாம். கூட ஏறினால் ருசி கெட்டுவிடுமாம். அதனால் வாளியில் ஒரு வெப்பமானிக் கம்பியை ஒட்டியிருக்கிறார். பதினெட்டுப் பாகையைத் தாண்டினால் ஃப்றீசர் ஓடும், இறங்கினால் நிற்கும்.

சாப்பிடமுன் குசினி ஜன்னல் எல்லாவற்றையும் திறந்துவிட்டேன்.

ஜூன் 10, திங்கள்

மன்னாரிலிருந்து அழைப்பு. இவருடைய அண்ணைக்கு நெஞ்சில் ஒப்பரேசன். நாளைக்கே பறக்கிறார். பெட்டி அடுக்கும்போது, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "செலின், அதை ஒருக்காப் பார்த்துக்கொள். ஊத்துறதெண்டால் ஊத்து. நான் ஒண்டும் கேக்கமாட்டன்."

அப்படிச் சொல்லாமல் சண்டை பிடித்திருக்கலாம்.

ஜூன் 12, புதன்

ஊற்றத்தான் போனேன். உண்மையை எழுதுகிறேன்.

ஃப்றீசர் மூடியைத் திறந்து குனிந்தேன். சோடா குடித்ததுபோல மூக்கில் சுரீரென்று ஏறியது. வாளியின் மேலே உள்ள சின்னக் குழாயில் ப்ளுப், ப்ளுப் என்று ஓயாமல் குமிழி. பக்கவாட்டில் வெளிச்சம் அடித்துப் பார்த்தேன். உள்ளே சாறு மேலும் கீழும் புரள்கிறது. யாரும் கிண்டவில்லை. நான் வாளியைத் தொடவே இல்லை.

அஜந்தினி பின்னால் வந்து எட்டிப் பார்த்தாள். "மோ, டென் லேவர்!" என்று டேனிஷில் என்னைக் கூப்பிட்டுச் சொன்னாள். ஓம், அது உயிரோடுதான் இருக்கிறது. அம்மாவும் மகளும் கராஜில் கால் மணித்தியாலம் நின்றோம். பதினேழு வயதுப் பிள்ளை ஃபோனை எடுக்கவில்லை.

நாளைக்கு ஊற்றலாம்.

ஜூன் 13, வியாழன்

காலை வேலை முடிந்து வந்து திறந்தேன். குழாய் துள்ளுகிறது. ஃப்றீசர் மட்டும் ஓடவில்லை. வாளியில் ஒட்டிய கம்பி கழன்று விழுந்து கிடந்தது. காற்றின் குளிரை அளந்துகொண்டு, எல்லாம் சரி, பதினெட்டு என்கிறது. வாளியில் தனியே ஒட்டியிருக்கும் வெப்பமானிப் பட்டியோ இருபத்துநாலு என்றது.

கையை வைத்தேன். முதியோர் இல்லத்தில் எத்தனையோ பேரின் நெற்றியைத் தொட்ட கை இது. ஃப்றீசரின் சுவர் குளிர், வாளி மட்டும் இளஞ்சூடு. அடுப்பு எங்கே? யார் மூட்டினது? கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான சீவன்கள் சீனியைத் தின்று, மூச்சுவிட்டு, தங்கள் உடம்புச் சூட்டாலேயே இருபது லீற்றரைச் சூடாக்கி வைத்திருக்கின்றன. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஆண்டவரே என்று வாய்விட்டே சொன்னேன்.

பிறகு ஒரு நினைப்பு. விட்டுவிடு. தானாய்க் கெட்டுப்போகட்டும். செலின் ஊத்தினாள் எண்டு ஆர் சொல்லுவினம்? — நல்ல வழிதான். அப்படியே நின்றேன். கையை எடுக்க மனம் வரவில்லை.

வாளியைத் துடைத்து, கம்பியைப் புது டேப்பால் இறுக்கி ஒட்டினேன். ஃப்றீசர் உறுமிக்கொண்டு ஓடத் தொடங்கியது. சாப்பிடாமல் நின்று பார்த்தேன். இருபத்துமூன்று. இருபத்திரண்டு.

ஜூன் 14, வெள்ளி

பதினெட்டு.

ஜூன் 26, புதன்

இவர் வந்துவிட்டார். மெலிந்து போயிருக்கிறார். அண்ணை எழும்பி நடக்கிறாராம். கராஜ் பக்கம் பார்க்கவே இல்லை. நானாகச் சொன்னேன்: "குமிழி நிண்டு ஒரு கிழமையாச்சு. ஈஸ்ட் எல்லாம் அடியிலை படிஞ்சிட்டுது." சப்பாத்தைக் கழற்றாமல் அப்படியே கதிரையில் இருந்துவிட்டார்.

ஜூலை 20, சனி

போத்தலில் அடைத்து மூன்று கிழமை. முதல் போத்தல். ஒரு கிளாஸ் ஊற்றினார். என்னையறியாமல் கதவுப் பக்கம் நகர்ந்தேன். கண்டுவிட்டார், கிளாஸை மேசையில் வைத்தார்.

"நீ சொன்னால் ஃப்றீசரை இண்டைக்கே ஆருக்கும் குடுத்துவிடுறன்."

அப்பாவிடம் அம்மா எத்தனை தரம் கெஞ்சினாள். ஒருநாளும் அவர் கிளாஸைக் கீழே வைத்ததில்லை.

"குடியுங்கோ," என்றேன். "எப்பிடி இருக்கெண்டு எனக்குச் சொல்லுங்கோ."

ஒரு வாய் குடித்து, கண்ணை மூடி யோசித்தார். "பேக்கரியிலை சூடாப் பாண் பிய்க்கிற மாதிரி ஒரு வாசம். பிறகு கொஞ்சம் தோடம்பழத் தோல்." அந்த ஒரு கிளாஸ்தான். மற்றப் போத்தல்களைத் தானே திரும்பக் கராஜில் கொண்டுபோய் வைத்தார்.

அழுதேன். அவர் கிளாஸைக் கழுவிவைத்துவிட்டு வந்து பக்கத்தில் இருந்தார்.

அக்டோபர் 6, ஞாயிறு

மழை. இந்த முறை குளிரில் வேலை செய்யும் ஈஸ்ட். "பன்னிரண்டிலை வைப்பமோ?" என்று கேட்டார். பைக்கற்றில் உள்ளதை வாசித்துவிட்டு, பத்து போதும் என்றேன். பத்தில் வைத்தார். ஈஸ்டை நான் தூவினேன். மெல்லிய மணல்போல நுரைமேல் கொஞ்சநேரம் மிதந்து, பிறகு ஒவ்வொன்றாய் உள்ளே போயின.

நான் இன்னும் ஒரு துளியும் குடித்ததில்லை. நாளைக்குக் காலை வேலை. வாளியைப் பார்த்துவிட்டுப் போக அரை மணித்தியாலம் முந்தி எழும்பவேண்டும்.