சீரை என்றொரு சொல்

இன்று காலை வலியசாலைத் தெருவில் கீரை விற்கும் பெண், "சீர, சீர" என்று கூவிக்கொண்டு வந்தாள். வாசலில் நின்ற என்னைப் பார்த்து, "வேணோ மாமா?" என்றாள். வேண்டாமென்று தலையாட்டிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தேன். ஒருவனுக்காக ஆய்ந்து சமைக்க அலுப்பாக இருக்கிறது.

நமக்குக் கல்யாணமான புதிது. "ஆபீஸ் விட்டு வரும்போ சீர வாங்கிட்டு வரணே" என்றாய். உன் மலையாளத்தில் அது கீரை. நாஞ்சில் நாட்டிலிருந்து வந்த என் காதில் சீலை என்று விழுந்தது. சாலைக் கடைத்தெருவில் அலைந்து நீலப் புடவை வாங்கி வந்தேன். பிரித்துப் பார்த்துச் சிரித்த நீ, நிற்கமாட்டாமல் சுவரில் சாய்ந்துகொண்டாய். அன்றைக்கு வெறும் ரசம்தான்.

பிறகொரு நாள் நூலகத்திலிருந்து தமிழ் அகராதி எடுத்து வந்து, எழுத்துக் கூட்டிப் படித்தாய். "சேட்டா, தமிழிலேயே சீரைன்னு உண்டு. துணின்னு அர்த்தம். மரப்பட்டை உடுப்புக்கும் அதே பேரு. தராசுத் தட்டும் சீரையாம்! அப்போ நீங்க செஞ்சது தப்பில்லல்லோ."

கீரைதான் மலையாளத்தில் சீரவாயிற்று, துணிச் சீரை வேறு, அதை வடமொழி என்பாரும் உண்டு என்றேன். நீ விடவில்லை. "இலையும் பட்டையும் செடியிலுள்ளதுதானே?" அந்த வழக்கு நமக்குள் கடைசிவரை தீரவில்லை.

பக்கவாதம் வந்து உன் வலக்கையையும் பேச்சையும் கொண்டுபோயிற்று. மிஞ்சிய சில சொற்களில் ஒன்று "சீர". கீரை மசித்து ஊட்டினேன், முகத்தைத் திருப்பிக்கொண்டாய். போர்வை போர்த்தினேன், தள்ளிவிட்டாய். "என்னதாம்மா வேணும்?" என்று கேட்டேன். நீ இடக்கையால் நைட்டியின் கழுத்தைப் பிடித்து இழுத்தாய். அப்போதுதான் புரிந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தது முதல், வசதி என்று உன்னை நைட்டியிலேயே வைத்திருந்தேன். உனக்குப் புடவை கட்டிக்கொள்ள வேண்டும்.

என் தோளில் உன்னைச் சாய்த்து நிறுத்திக் கட்டினேன். கொசுவம் ஒருபக்கம் இழுத்தது. முந்தானை தரையில் கிடந்தது. கண்ணாடியைக் காட்டினேன், பாதி வாயால் சிரித்தாய். அதன்பின் தினமும் காலையில் அதுதான் வேலை. இடுப்பு விட்டுப்போகும். இன்று ஒருநாள் வேண்டாமே என்று கெஞ்சத் தோன்றும். நீயோ கையைத் தூக்கியபடி காத்திருப்பாய்.

இப்போது காலைப்பொழுது முழுதும் எனக்கே. ஓய்வு என்கிறார்கள். அசதி மட்டும் போகவில்லை. துவைத்த வேட்டியை மடிக்கும்போது விரல்கள் தாமாகவே கொசுவம் வைக்கின்றன. நான் அதைப் பிரிப்பதில்லை. அப்படியே அலமாரியில் வைத்துவிடுகிறேன்.