வெனிலாக்காரி

மகளே,

இங்கே பிரான்ஸில், கிராஸ் ஊரில் நம் சென்ட் கடை நன்றாக ஓடுகிறது. "வெனிலா பூசுறவ மனசு மிருது, எதையும் மன்னிச்சிடுவா" என்று சொல்லித்தான் பெண்களிடம் விற்கிறேன். ஊர் என்னையும் அப்படியே நம்பிவிட்டது.

நம்மை விட்டுப்போய் நீஸ் நகரில் அந்தப் பெண்ணோடு இருந்த உன் அப்பா நேற்றுப் பெட்டியோடு கடைக்கு வந்து நின்றார். உள்ளே நல்ல கூட்டம்.

"நம்ம வெனிலாக்காரிக்குக் கோவம் வருமாம்மா?" என்று வாடிக்கையாளர்களைக் கேட்டார்.

"அவங்களுக்கா? பொறந்ததுலேர்ந்து வந்திருக்காது" என்றாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே மாடி வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டேன்.

பல மணங்களில் மூக்கு குழம்பினால், எதுவும் பூசாத முழங்கை மடிப்பை முகர்ந்து தெளிவது எங்கள் தொழில் வழக்கம். இப்போது அங்கேயும் வெனிலாதான்.

உன் வீட்டில் எனக்கொரு கட்டில் போட இடமிருக்குமா? பதிலைக் கடைக்கே அனுப்பு. வீட்டுக்கு வரும் கடிதங்களை இன்று காலையே அவர் பிரிக்கத் தொடங்கிவிட்டார்.

உன் அம்மா